ஹந்தானை டவரில் நான் போட்ட பியூஸ்

மஹய்யாவ, கண்டி.
2026 பெப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் துஷ்யந்திக்கு அப்பா எழுதுவது. கட்டுக்கலைப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் அந்த வெளிநாட்டுக் குளிரில் காய்ச்சல், தடிமன் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். நேற்றுத்தான் வீடியோவில் பேசினோமே, அதற்குள் அப்பாவுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை எடுப்பதற்குள் அம்மா பிடுங்கிக்கொண்டு போய் பேரனைக் காட்டச் சொல்கிறாள், அவன் பல்லைக் காட்டுகிறான், சிரிக்கிறோம், நேரம் போய்விடுகிறது. அதோடு உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. இரண்டு மாதமாகச் சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததை இதில் எழுதுகிறேன். இதை ஒரே மூச்சில் படித்துவிடாதே, வேலைக்குப் போகும் அவசரத்திலும் படிக்காதே.

முதலில் வீட்டுச் சங்கதி. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, மாதம் ஒரு தடவை கிளினிக்குக்குப் போகிறாள், டொக்டர் படி ஏறாதே என்கிறார், மஹய்யாவையில் படி ஏறாமல் எந்த வீட்டுக்குப் போவது என்று அவரிடமே கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். மழையில் ஊறின பின்சுவர் இன்னும் காயவில்லை, உன் அலுமாரியை அதனால் முன்னறைக்கு நகர்த்திவிட்டோம். உள்ளே இருந்த உன் நர்சிங் புத்தகங்களை அம்மா ஒவ்வொன்றாக விரித்து வெயிலில் வைத்தாள், பக்கத்துக்குப் பக்கம் நீ பென்சிலில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, ஆனாலும் நின்றாள். சனிக்கிழமைகளில் நான் இப்போதும் பேக்கரியில் மூன்று கிம்புலா பணிஸ் வாங்கிவிடுகிறேன். இரண்டு பேருக்கு எதற்கு மூன்று என்று அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. நீ போய் ஆறு வருடம் ஐந்து மாதமாகிறது. அவளுக்கு இங்கே மத்தியானம் பன்னிரண்டரை ஆனால் உனக்குக் காலை ஏழு. அந்த நேரம் வந்தால் சோற்றை இறக்கிவிட்டு, பிள்ளை இப்போது எழும்பியிருப்பாள் என்று எனக்குச் சொல்வாள், எனக்குத் தெரியாத மாதிரி.

இனி விஷயத்துக்கு வருகிறேன் மகள். கார்த்திகையில் புயல் அடித்தபோது மூன்று நாள் எங்களுக்கு போன் லைன் இல்லாமல் நீ துடித்துப் போனாய். நான் மலையேறிப் போய் போன் டவரைச் சரிசெய்ததை, லைன் வந்ததும் அம்மா உனக்குச் சொல்லிவிட்டாள். நீ அதை உன் வார்டில் எல்லோருக்கும் சொல்லி, நான் மழைக்கோட்டோடு நிற்கிற படத்தைப் போட்டு, எங்கப்பா தனியாளாய் மலையேறி ஒரு ஊருக்கே லைன் கொடுத்தவர் என்று எழுதியிருந்தாய். பேரன்கூடக் கையைத் தூக்கிக் காட்டினான். அந்தப் படத்தை அம்மா எத்தனை பேருக்கு அனுப்பினாள் என்று கணக்கில்லை. நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அந்த டவர் செத்ததற்குக் காரணம் நான்தான் துஷ்யந்தி. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நீ ஏர்போர்ட்டுக்குப் புறப்பட்ட நாள், 2019 செப்டம்பர், உனக்கு ஞாபகமிருக்கும், வேன் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தது, நான் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டேன் என்று நீ கோபித்துக்கொண்டாய். அன்றைக்கு ஹந்தானை டவரில் புதிதாக வந்த ஒரு மெஷினுக்கு கரண்ட் லைன் இழுக்க வேண்டியிருந்தது. டவருக்குக் கீழே ஒரு அறை, அதற்குள் அலுமாரி மாதிரி ஒரு இரும்புப் பெட்டி நிற்கும், அதைத்தான் நாங்கள் பியூஸ் கபினெட் என்போம். பெட்டரியிலிருந்து வருகிற நாற்பத்தெட்டு வோல்ட் கரண்டை மெஷினுக்கு மெஷின் பிரித்துக் கொடுப்பது அதுதான். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வயர், ஒவ்வொரு வயருக்கும் ஒரு பியூஸ். பியூஸ் இருப்பது மெஷினுக்காக என்றுதான் பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அது வயருக்காக. வயர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் வயர் சுடுவதற்கு முன்னால் பியூஸ் அறுந்துவிட வேண்டும். நான் இழுத்த வயருக்கு முப்பத்திரண்டு ஆம்பியர் பியூஸ் போட வேண்டும். பையில் இருந்த ஒரே முப்பத்திரண்டும் வெடித்த பியூஸாக இருந்தது. இன்னொன்று எடுப்பதென்றால் கண்டிக்கு ஸ்டோருக்கு இறங்கித் திரும்ப ஏற வேண்டும், மணி பதினொன்றரை. பையில் அறுபத்து மூன்று ஒன்று கிடந்தது. அதைப் போட்டேன். நாளைக்கு வந்து மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அது மட்டுமில்லை, சைட் புத்தகத்தில் முப்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன், கபினெட் மேல் ஒட்டுகிற லேபலிலும் அதையே எழுதினேன். பிறகு ஓடி வந்து வேனில் ஏறினேன். கட்டுநாயக்க ஏர்போர்ட்டில் நீ கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனாய், திரும்பிப் பார்த்தாய், நான் கையைக்கூடத் தூக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் என்ன செய்தேன், எங்கே போனேன் என்று எனக்கே தெரியாது. அந்த பியூஸ் நினைவிலிருந்தே போய்விட்டது. இதை உன்மேல் போடுகிறேன் என்று நினைக்காதே. நீ புறப்பட்டது உன் வேலை. பியூஸ் போட்டது என் வேலை.

இரண்டு வருடத்துக்குப் பிறகு வேறு ஆட்கள் வந்து இன்னொரு மெஷினையும் அதே வயரில் சேர்த்துவிட்டார்கள். சரியான பியூஸ் இருந்திருந்தால் அன்றைக்கே அறுந்து, இந்த வயர் தாங்காது, வேறு இழு என்று சொல்லியிருக்கும். அறுபத்து மூன்று ஒன்றும் சொல்லவில்லை. வயர் உள்ளுக்குள்ளே கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டுக்கொண்டே கிடந்திருக்கிறது. புயலன்று வெள்ளிக்கிழமை விடிய மெயின் கரண்ட் போனது. பெட்டரி இறங்க இறங்க மெஷின்கள் அதிகமாகக் கரண்ட் இழுக்கும், அது அதனுடைய குணம். மத்தியானத்துக்குள் வயரின் தோல் உருகி, பக்கத்து வயர்களையும் உருக்கி, கபினெட் செத்துப்போனது. நம் மஹய்யாவைப் பக்கத்துக்கும் லைன் அங்கிருந்துதான் இறங்குகிறது. ஊரே ஊமையாகிவிட்டது. அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள், அந்த முழங்காலோடு. பிள்ளை அங்கே நியூஸ் பார்த்து என்ன பாடுபடுகிறாளோ என்று மூன்று நாளும் அதே பேச்சு. நான் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது எதுவும் தெரியாது.

திங்கட்கிழமைதான் மேலே போக விட்டார்கள். நானும் ஹில்மியும் போனோம். ஹில்மியை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு சேர்ந்தவன், அலவத்துகொடப் பக்கம், முப்பது வயது, வேலையில் சுத்தமானவன். ரோட்டில் இரண்டு இடத்தில் மண் சரிந்து கிடந்தது, வண்டி ஏறாது. தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து நாலு பேர் வந்து சின்ன ஜெனரேட்டரை மரக்கம்பில் கட்டித் தோளில் தூக்கினார்கள். அதில் கணேஸ் என்று ஒருவன். ஏறும்போது மூச்சு வாங்க அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வெள்ளிக்கிழமை பொழுது சாயிற நேரம் வீட்டுக்காரிக்கு வலி வந்துருச்சுங்க. ஆம்புலன்ஸுக்கு அடிச்சுப் பாக்குறோம் பாக்குறோம், லைனே இல்ல. கதிரையில உக்கார வச்சுத் தூக்கிக்கிட்டு எறங்குனோம், பாதி வழியிலேயே புள்ள பொறந்துருச்சு" என்றான். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டேன். "ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. அவளுக்குத்தான் ரத்தம் ரொம்பப் போயிருச்சு, ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க" என்றான். பிறகு, "நீங்க இந்த மழையில இவ்ளோ தூரம் வந்து செய்றீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றான்.

அறையைத் திறந்ததும் கருகின ரப்பர் வாசனை. ஹில்மி கபினெட்டைத் திறந்து டோர்ச் அடித்தான், பியூஸைப் பிடுங்கிப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான், மறுபடி பியூஸைப் பார்த்தான். "அண்ணே, இதுல அறுபத்தி மூணு ஈக்கி. புத்தகத்துல முப்பத்தி ரெண்டு. யாரு அண்ணே இத மாத்தினது?" என்று கேட்டான். அந்த நிமிடம் எனக்கு எல்லாம் திரும்ப வந்தது, அந்தப் பதினொன்றரை மணி, அந்தப் பை, வேன், எல்லாம். முதலில் வேலையைப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன்.

வேலையைச் சரியாகத்தான் செய்தோம். மோதிரத்தையும் மணிக்கூட்டையும் கழற்றி வைத்தோம். நாற்பத்தெட்டு வோல்ட் வீட்டுக் கரண்ட் மாதிரித் தூக்கி அடிக்காது, அதனாலேயே ஆட்கள் அசட்டையாக இருப்பார்கள், ஆனால் பெட்டரி நிறைந்திருக்கும்போது ஒரு ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் ஸ்பேனரே உருகும், மோதிரம் பட்டால் விரல் போகும். பெட்டரி இறங்கித்தானே கிடக்கிறது என்று விடவில்லை, அதைப் பிரித்து, பியூஸ் எல்லாவற்றையும் பிடுங்கி, மீட்டர் வைத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கை வைத்தோம். கருகினதையெல்லாம் வெட்டி எடுத்தோம். "ரெண்டு மெஷினயும் ஒரு வயர்ல போட வாணாம் அண்ணே, பிரிச்சிருவோம்" என்றான் ஹில்மி. அப்படியே இரண்டு வயர் தனித்தனியாக இழுத்து, நுனிக்கு நுனி லக் என்கிற செம்பு முனையை அழுத்தி, ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்து முடுக்கினோம். வீட்டு வயரிங் பழகினவர்கள் இதில் தடுமாறுவார்கள், இங்கே பிளஸ்தான் மண்ணோடு சேர்ந்தது, மைனஸில்தான் உயிர் இருக்கிறது, பியூசும் மைனஸில்தான். அதனால் பிளஸான கறுப்பு வயரை முதலில், மைனஸான நீலத்தை அடுத்து, மீட்டரில் திசை சரியா என்று பார்த்துவிட்டு, பியூஸைக் கடைசியில். இரண்டுக்கும் முப்பத்திரண்டு. லேபலை ஹில்மியை எழுதச் சொன்னேன். என் கையால் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஜெனரேட்டரை ஓட விட்டு ஒவ்வொரு பியூஸாகப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் சட்டைப்பையில் போன் அதிர ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. எல்லாம் நீதான். அப்பா எங்கே இருக்கிறீர்கள், அப்பா அம்மா நல்லாருக்காங்களா, அப்பா ஒரு வார்த்தை போடுங்கள். கடைசியில் வேறு வார்த்தையே இல்லை, வெறும் அப்பா, அப்பா என்று மட்டும். நான் வெளியே போய் ஈரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். உன்னிடமிருந்து ஒரு தகவல் வந்தால் போதும் என்று ஏங்கின மூன்று நாளுக்குப் பிறகு, வந்ததைப் படிக்க எனக்கு முடியவில்லை. பிறகு நீ பேசினாய், அழுதாய், "நீங்கதான் சரிபண்ணுனீங்களாப்பா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அந்த ஆமாம் பொய்யில்லை. ஆனால் அது பாதிதான்.

மார்கழியில் விசாரணை வந்தது. புத்தகத்தில் முப்பத்திரண்டு இருக்கிறது, உள்ளே அறுபத்து மூன்று இருந்திருக்கிறது, புயலுக்கு ஒரு மாதம் முன்னால் கடைசியாகக் கபினெட்டைத் திறந்து செக் பண்ணினது ஹில்மி, ஆகவே மாற்றினது அவன்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள். அவனும் அன்றைக்கு லேபலைத்தான் பார்த்திருக்கிறான், பிடுங்கிப் பார்க்கவில்லை, அதைச் சொல்லித் தலையைக் குனிந்தான். வேலையை நிறுத்திக் கடிதம் கொடுத்தார்கள். நான் நாலு நாள் பேசாமல் இருந்தேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன், நாலு நாள். ஓய்வுக்கு இன்னும் ஆறு மாதம்தானே என்று ஒரு கணக்கு, உனக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு பயம். ஐந்தாம் நாள் சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள், "அந்தப் பய ஹில்மி பாவம், அவனா செஞ்சிருப்பான்?" என்று. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு என்ஜினியர் மயில்வாகனம் சேரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். "செல்லச்சாமி, நீங்கள் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது" என்றார். ஆமாம் சேர் என்றேன். "சரியான பியூஸ் கிடந்தாலும் அந்த பெட்டரி அடுத்த நாள் மத்தியானத்துக்கு மேலே நிண்டிராது. அதையும் யோசியுங்கோ" என்றார். யோசித்தேன் சேர், அந்த ஒரு நாளில்தான் ஒரு பெண்ணுக்கு வலி வந்தது என்றேன். அவர் நான் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

ஹில்மியை அடுத்த நாளே திரும்ப எடுத்தார்கள். என்னை சைட் வேலையிலிருந்து நீக்கி ஸ்டோரில் போட்டார்கள், ஆனி மாதம் ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேதான், இனி எந்தக் கபினெட்டிலும் என் கை படக்கூடாது. முப்பத்தொரு வருட வேலை மகள். ஆனாலும் அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, நியாயம்தான். ஹில்மிதான் என்னோடு பேசவில்லை. ஸ்டோருக்கு வருவான், சாமானை எடுப்பான், போய்விடுவான். தை பிறந்த பிறகு ஒரு நாள் வந்து ஒரு தாளை மேசையில் வைத்தான். நான் இத்தனை வருடத்தில் வயர் போட்ட பதினேழு டவரின் பெயர். "எனக்குக் கோவம் போகல்ல அண்ணே. என்ட உம்மா அந்தக் கடிதத்தப் பாத்து அழுதது கண்ணுக்குள்ளயே நிக்கிது. ஆனா இதுல வேற எங்கயாச்சும் ஈக்கியான்னு பாக்கணும். நீங்க வந்து காட்டுங்க, நான் பிடுங்கிப் பாக்கிறேன்" என்றான். மயில்வாகனம் சேர் அனுமதி கொடுத்தார். மூன்று வாரம் அலைந்தோம். நான் வாசலில் நின்று புத்தகத்தை வாசிப்பேன், அவன் உள்ளே ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கி நம்பரைச் சொல்வான், வயரின் தடிப்பைச் சொல்வான். கடைசி டவர் போன வியாழக்கிழமை முடிந்தது. எல்லாம் சரி. ஹந்தானை ஒன்றுதான். இறங்கி வரும்போது வழிக் கடையில் ஹில்மி இரண்டு பிளேன்டீ சொன்னான். தள்ளித் தள்ளி உட்கார்ந்து குடித்தோம். ஆனால் இரண்டு சொன்னான்.

லயத்துக்கும் போய் வந்தேன். கணேஸின் மனைவி நிரோஷா இப்போது எழுந்து வேலை செய்கிறாள். நான் செய்ததை அவர்களிடம் சொன்னேன். கணேஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள்தான், "சொல்லணும்னு வந்தீங்களே" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை, "மொதல்ல புள்ளைக்கு எழுதுங்க, அவதான் மூணு நாளு செத்துப் பொழச்சா" என்றாள். நீ அந்த மூன்று நாளும் சாப்பிடவில்லை, பேரனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். என் பிள்ளைக்கு அந்த வேதனையைக் கொடுத்தது என் கை. இதற்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். கோபம் வந்தால் என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்காமல் கோபப்படு. கொஞ்ச நாள் பேசப் பிடிக்காவிட்டால் அம்மாவோடு பேசு, நான் பக்கத்து அறையில் இருந்து உன் குரலைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு புத்தி சொல்ல வேண்டும், இந்த அப்பா சொல்கிறாரா என்று நினைத்தாலும் பரவாயில்லை. நீ அனுப்பின வீட்டுப் படத்தில் ஹீட்டரையும் கேத்தலையும் ஒரே பிளக் பலகையில் குத்தி, வயரைக் கார்ப்பெட்டுக்குக் கீழே விட்டிருக்கிறாய். ஹீட்டரை நேரே சுவரில் குத்து, வயரை வெளியே எடுத்து விடு, கையால் தொட்டுப் பார், சூடு தெரிந்தால் பலகையையே மாற்று. நாளைக்கு என்று வைக்காதே, படித்து முடித்த கையோடு செய். பிள்ளை தவழ்கிற வீடு.

ஆனி கடைசியில் எனக்கு வேலை முடிகிறது. அதற்குப் பிறகு எந்த டவருக்காகவும் நான் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. நீ லீவு கேட்டு வருவதென்றால் எந்த நாளாக இருந்தாலும், எந்த நேரத்து பிளைட்டாக இருந்தாலும், நான் முதல் நாளே கட்டுநாயக்கவுக்கு வந்து அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பேன். உடனே வா என்று கேட்கவில்லை, உன் வேலை எனக்குத் தெரியும். ஆனால் வரமாட்டேன் என்றும் சொல்லிவிடாதே மகள். பேரனை இன்னும் ஒரு தடவைகூடக் கையில் தூக்கவில்லை, அவன் என்ன கனம் இருப்பான் என்று எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி அண்டாமல், ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல், நிறைந்த வாழ்வு வாழ அந்தப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். ஹீட்டர் வயரை மறந்துவிடாதே.

உன்னைக் காணக் காத்திருக்கும்
அப்பா,
மூ. செல்லச்சாமி.

அம்மா பக்கத்தில் இருந்து தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்கிறாள். அவள் எழுத்து இது:

துஷி நீ எப்ப வாற. அம்மா யசோதா.